உருகு இணைப்பு (தானுந்து)

உருகு இணைப்பு என்பது தானுந்தின் மின்கலவடுக்கிலிருந்து (பேட்டரி) புறப்படும் முதன்மை மின்கம்பியின் தொடக்கத்தில் பொருத்தப்படும் குட்டையான பாதுகாப்புக் கம்பி ஆகும். இது தான் காக்கும் கம்பியை விட மெல்லியது. குறுஞ்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும்போது இது உருகி அறுந்து, வண்டியின் ஏனைய கம்பிகள் தீப்பற்றாமல் காக்கின்றது. 1960களின் நடுப்பகுதி முதல் 1980கள் வரை உருவாக்கப்பட்ட அமெரிக்க, சப்பானியத் தானுந்துகள் பலவற்றில் இதனைக் காணலாம். பார்வைக்குச் சாதாரணக் கம்பி போலவே இருப்பதால், பழைய தானுந்துகளைச் சீர்செய்யும்போது இதன் இடத்தில் சாதாரணக் கம்பி பொருத்தப்பட்டுவிடுவதும் உண்டு. அவ்வாறு செய்தால் வண்டியின் முதன்மைச் சுற்று பாதுகாப்பற்றதாகிவிடும்.

தேவை

உருகிப் பெட்டியில் உள்ள உருகிகள் (ஃபியூஸ்) விளக்கு, ஒலிப்பான், கண்ணாடித் துடைப்பான் முதலிய தனித்தனிச் சுற்றுகளைக் காப்பவை. ஓர் உருகி, மின்கலவடுக்கிலிருந்து பார்க்கையில் தனக்கு அப்பால் உள்ள கம்பியை மட்டுமே காக்கும். எனவே மின்கலவடுக்கிற்கும் உருகிப் பெட்டிக்கும் இடையே உள்ள கம்பிக்கு வேறொரு பாதுகாப்பு தேவைப்படுகின்றது.

பெரும்பாலான தானுந்துகளில் வண்டியின் உலோக உடலே மின்னோட்டம் திரும்பும் வழியாகப் பயன்படுகின்றது. இதனால் முதன்மைக் கம்பியின் காப்புறை எங்கேனும் தேய்ந்து உடலைத் தொட்டால் உடனே குறுஞ்சுற்று ஏற்படும். 12 வோல்ட்டு ஈய-அமில மின்கலவடுக்கு அந்நிலையில் பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது. தொடக்கி மோட்டாருக்குச் (ஸ்டார்ட்டர்) செல்லும் தடித்த கம்பி இயல்பாகவே மிகுந்த மின்னோட்டத்தைச் சுமப்பதால், அதில் பொதுவாக உருகு இணைப்பு பொருத்தப்படுவதில்லை.

தொழிற்பாடு

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். அமெரிக்கக் கம்பி அளவுமுறையில் 16 கேஜ் செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0132 ஓம். இக்கம்பியில் 20 செ.மீ. நீளமுள்ள துண்டில் 40 ஆம்பியர் பாயும்போது ஏறத்தாழ 4 வாட்டு வெப்பம் உண்டாகும். அது காற்றில் எளிதாகக் கலந்துவிடும். மின்னோட்டம் 200 ஆம்பியராக உயர்ந்தால், அதாவது 5 மடங்கானால், வெப்பம் 25 மடங்காகி 100 வாட்டைத் தாண்டும்.

உருகு இணைப்பு, தான் காக்கும் கம்பியை விட நான்கு கேஜ் மெல்லியதாக இருக்கவேண்டும் என்பது பொது விதி. இம்முறையில் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். எனவே 12 கேஜ் கம்பிக்கு 16 கேஜ் இணைப்பும், 10 கேஜ் கம்பிக்கு 14 கேஜ் இணைப்பும் பொருந்தும். 12 கேஜ் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 3.31 ச.மி.மீ.; 16 கேஜ் கம்பியினுடையது 1.31 ச.மி.மீ. மெல்லிய கம்பியில் மின்தடை சுமார் இரண்டரை மடங்கு அதிகம். சூடாக்கப்படவேண்டிய செம்பின் அளவோ அதே விகிதத்தில் குறைவு. இவ்விரு காரணங்களும் சேர்வதால், குறுஞ்சுற்றின்போது இணைப்பின் வெப்பநிலை முதன்மைக் கம்பியினதை விட ஆறு மடங்கிற்கும் மேலான வேகத்தில் உயர்கின்றது. முதன்மைக் கம்பி சேதமுறும் முன்னரே இணைப்பு உருகிவிடுவது இதனாலேயே ஆகும்.

செம்பு 1085 பாகை செல்சியசில் உருகும். அவ்வெப்பத்தில் சாதாரண பிவிசி காப்புறை எரிந்து தீயைப் பரப்பக்கூடும். ஆதலால் உருகு இணைப்புகளுக்குத் தீயை எளிதில் பரப்பாத தடித்த காப்புறை இடப்படுகின்றது. பழைய இணைப்புகளில் ஹைப்பலான் என்ற வணிகப் பெயருடைய செயற்கை இறப்பர் இதற்குப் பரவலாகப் பயன்பட்டது. ஆகவே உருகு இணைப்பு என்பது மெல்லிய செம்பும் எரியாத உறையும் சேர்ந்ததே. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பாதுகாப்பு இல்லை.

கிறைசுலர் தானுந்துகள்

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வெளிவந்த கிறைசுலர் நிறுவனத் தானுந்துகள் பலவற்றில், மின்னோட்டம் தொடக்கி ரிலேயின் முனையிலிருந்து உருகு இணைப்பு வழியாகச் சென்று, எஞ்சின் அறைத் தடுப்புச் சுவரில் உள்ள பல்முனைச் செருகியைக் கடந்து, முகப்புப் பலகையின் அம்மீட்டரை அடையும். அம்மீட்டருக்கு அப்பால், மின்னாக்கியிலிருந்து (ஆல்டர்னேட்டர்) வரும் கம்பியும் ஏனைய சுற்றுகளின் கம்பிகளும் ஒரே மூட்டில் இணைகின்றன.

இவ்வமைப்பில் கவனிக்கவேண்டிய குறை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது இணைப்பு உருகினால் மின்கலவடுக்கு மட்டுமே துண்டிக்கப்படும்; மின்னாக்கி மறுபுறத்திலிருந்து தொடர்ந்து மின்னோட்டம் தரக்கூடும். எனவே புகை கண்டவுடன் எஞ்சினை நிறுத்துதல் இன்றியமையாதது. மேலும், ஆண்டுகள் பல கழிந்தபின் தடுப்புச் சுவர்ச் செருகியின் முனைகள் துருவேறி, மின்தடை கூடி, உருகு இணைப்பு உருகாத அளவு மின்னோட்டத்திலேயே சூடாகிக் கருகுவதுண்டு. இத்தகைய கோளாற்றை உருகு இணைப்பால் தடுக்க இயலாது. இணைப்பை மாற்றும்போது செருகியையும் கழற்றிப் பார்ப்பது இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றது.

பழுதை அறிதல்

உருகிய இணைப்பின் காப்புறை பெரும்பாலும் கொப்புளித்தோ, வீங்கியோ, நிறம் மாறியோ காணப்படும். வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பதும் உண்டு. அப்போது இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தால் உறை இறப்பர் போல நீளும்.

இழைகள் பல அறுந்து ஓரிரு இழைகள் மட்டும் எஞ்சியிருந்தால், பன்னளவி (மல்டிமீட்டர்) தொடர்ச்சி உள்ளதாகவே காட்டும். ஆகையால் எஞ்சினை நிறுத்தி, முகப்பு விளக்குகளை எரியவிட்டு, இணைப்பின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளப்பதே நம்பகமான சோதனை. நல்ல இணைப்பில் இது 0.1 வோல்ட்டு அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்.

மாற்றும் முறை

1. மின்கலவடுக்கின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றவேண்டும்.

2. இணைப்பு உருகியதன் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். வெளியேற்றக் குழாயைத் தொடும் கம்பி, தடுப்புச் சுவர்த் துளையில் தேய்ந்த உறை, மின்னாக்கியினுள் பழுதான டையோடு ஆகியவை வழமையான காரணங்கள். மின்கலவடுக்கைத் தவறான முனைகளில் பொருத்துவதாலும் இணைப்பு உருகும்.

3. சரியான அளவைத் தயாரிப்பாளரின் பணிமனைக் கையேட்டிலிருந்து அறியவேண்டும். உறை தடித்தது என்பதால் வெளிவிட்டத்தைக் கொண்டு கணித்தல் தவறாகும். நிறக் குறியீடுகள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். சப்பானிய நிசான் (டட்சன்) வண்டிகளில் பழுப்பு 0.3, பச்சை 0.5, சிவப்பு 0.85, கறுப்பு 1.25 ச.மி.மீ. அளவைக் குறிக்கும். இவற்றுள் பலவற்றில் இரு முனைகளும் செருகு முனைகளாக இருப்பதால், வெட்டி ஒட்டாமலேயே மாற்றலாம்.

4. அமெரிக்க வண்டிகளில் பழைய இணைப்பை மூட்டிற்கு அப்பால் வெட்டி நீக்கவேண்டும். முதன்மைக் கம்பியின் செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான பகுதி தெரியும்வரை வெட்டவேண்டும்.

5. புதிய இணைப்பின் நீளம் பழையதன் நீளத்தை ஒத்திருக்கவேண்டும். மிகக் குட்டையானால் வெப்பம் முனைகளுக்குக் கடத்தப்பட்டு உருகுவது தாமதமாகும். மிக நீண்டால் மின்னழுத்த இழப்புக் கூடும்.

6. கம்பிகளை உலோகக் குழலில் இட்டு உரிய கருவியால் இறுக நெரித்து இணைக்கவேண்டும். பற்றாசு (சோல்டர்) இடுவதாயின் நெரித்த பின்னரே இடவேண்டும். பொதுவான ஈய-வெள்ளீயப் பற்றாசு 183 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்குவதால், அதனை மட்டும் நம்பிய மூட்டு சூட்டில் கழன்றுவிடலாம். அமிலம் கலந்த இளக்கி செம்பை அரிக்கும், அதனைத் தவிர்க்கவேண்டும்.

7. மூட்டைப் பசையுள்ள சுருங்குகுழலால் மூடவேண்டும். இணைப்பை ஏனைய கம்பிகளுடன் சேர்த்து நாடாச் சுற்றக்கூடாது. எரிபொருட் குழாய்களுக்கு அருகில் இல்லாமல் திறந்த காற்றில் இருக்குமாறு அமைக்கவேண்டும்.

8. எல்லா மின்சாதனங்களையும் நிறுத்திவிட்டு, கழற்றிய எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே 12 வோல்ட்டுச் சோதனை விளக்கைப் பொருத்தவேண்டும். விளக்கு முழு ஒளியுடன் எரிந்தால் குறுஞ்சுற்று இன்னும் உள்ளது என்று பொருள். கதவு விளக்கு எரிவதாலும் இவ்வாறு நேரலாம் என்பதால், கதவுகளை மூடியே சோதிக்கவேண்டும். விளக்கு எரியாவிடின் எதிர்முனைக் கம்பியை மீண்டும் பொருத்தலாம்.

தவறான மாற்றீடுகள்

அதே கேஜ் உள்ள சாதாரணக் கம்பி உரிய நேரத்தில் உருகலாம். ஆனால் அதன் உறை எரியும். தடித்த கம்பியைப் பொருத்தினால் அது உருகாது. அடுத்து மெல்லியதாக உள்ள கம்பியே எரியும். அக்கம்பி முகப்புப் பலகையின் பின்னால், பயணிகளின் அருகில் இருக்கக்கூடும். ஆற்றல் மிக்க மின்னாக்கியைப் பொருத்தி, அதிலிருந்து மின்கலவடுக்கிற்குப் புதிய தடித்த கம்பி இடுவோர், அக்கம்பிக்கெனத் தனி உருகு இணைப்பு ஒன்றை மின்கலவடுக்கின் பக்கத்தில் பொருத்துதல் வேண்டும்.

உருகிகளால் மாற்றுதல்

பிற்காலத் தானுந்துகளில் உருகு இணைப்பின் இடத்தை மேக்சி போன்ற பெரிய தகட்டு உருகிகளும், திருகாணியால் பொருத்தப்படும் உருகிகளும் பெற்றன. இவற்றின் அளவு மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உருகியதும் பல வகைகளில் கண்ணுக்குத் தெரியும். கருவிகள் குறைவாகவே தேவைப்படும். பழைய தானுந்துகளிலும் இவற்றைப் பொருத்தலாம். ஆனால் உருகியின் ஆம்பியர் அளவு, அது காக்கும் கம்பி தாங்கும் அளவை மீறக்கூடாது. வண்டியின் இயல்பான தேவையை விடக் குறைந்த உருகியோ, கோளாறு எதுவும் இன்றியே உருகி, வண்டியை வழியில் நிறுத்திவிடும். உருகியின் தாங்கி நீர் புகாததாகவும் அதன் முனைகள் துருவற்றதாகவும் இருத்தல் வேண்டும். வண்டியின் மூல அமைப்பைப் பேண விரும்புவோர், உரிய அளவில் புதிதாகக் கிடைக்கும் உருகு இணைப்புக் கம்பியையே பயன்படுத்துகின்றனர்.