தொலைவிலிருந்து வைத்தியம்

புவனகிரியிலோ குறிஞ்சிப்பாடியிலோ தறியில் அமரும் நெசவாளி ஒருவர், சிதம்பரத்திலோ கடலூரிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே நோய் முற்றும்வரை அவர் போவதில்லை. நடவுக் காலத்தில் விவசாயியின் நிலையும் இதுவே. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வலியின்றி வளர்பவை. சர்க்கரை நோய், பார்வை மங்குமுன்பே விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கிவிடும். இழை பார்த்துப் பிழைப்பவருக்குக் கண் போனால் தொழிலே போயிற்று.

இதற்கு நமக்கு வடக்கே ஒரு வழி காணப்பட்டது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களுக்கு, 2006-ஆம் ஆண்டு முதல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் வைத்தியக் கருவிகள் பொருத்திய வண்டியொன்றை அனுப்பினர். 20 வயது நிரம்பியவர்களில் 23,380 பேர், அதாவது நூற்றுக்கு 86 பேருக்கு மேல், பரிசோதிக்கப்பட்டனர். நோயுள்ளோரின் விழித்திரையை வண்டியிலேயே படமெடுத்து, இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே சென்னைக்கு அனுப்பினர். நிபுணர்கள் அங்கிருந்தே யோசனை கூறினர். நேரில் சென்னைக்குச் செல்ல நேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே.

இன்று நமக்கு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய இ-சஞ்சீவனி மூலம் கைபேசித் திரையிலேயே வைத்தியரைக் காணலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, மாத்திரையும் தருகின்றனர்.

ஆனால் அளவு ஒன்றாயினும் யோசனை ஒன்றாகாது. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கு நடை அவசியம். கரும்பு வெட்டுபவரிடம் நடக்கச் சொல்வது வேடிக்கை! இரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை மிகுதியாக்குபவை. வெயிலில் உழைப்பவர் தம் வேலையைக் கூறாவிடில், திரைக்கு அப்பாலுள்ள வைத்தியர் அதை எங்ஙனம் அறிவார்? அன்றியும், ஒரு நாளைய அளவு மட்டும் போதாது. பல மாதங்களின் அளவுகளே நோயின் போக்கைக் காட்டும். சங்கத்துப் பாஸ் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கும் நாம், இதற்கென நாற்பது பக்க நோட்டு ஒன்று வைக்கத் தயங்குகின்றோம். தேதி, அளவு, உண்ணுமுன்னா பின்னா, உட்கொள்ளும் மாத்திரை ஆகியவற்றை அதில் குறித்து, வைத்தியரிடம் பேசும்போது படித்துக் காட்டுக.

2020 மார்ச்சு 25-இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, வைத்தியர் தாம் யாரென்பதைத் தெரிவித்தல் வேண்டும். அங்கத்தினர்கள் பதிவு எண்ணைத் தயங்காது கேட்கலாம். ஆறாத காற்புண்ணைத் திரையில் காட்டி நாட்கடத்தலாகாது. அதை நேரில் காட்டுவதே முறை. மார்புவலியோ, ஒருபக்கம் கை கால் செயலிழத்தலோ நேர்ந்தால் 108-ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.