பெயருக்கு முன் ஒரு சொல்

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் ஒரு குழந்தையின் கைபிடித்து நடந்து பாருங்கள். நறுமணப் பொருள் கடைகளிலிருந்து சுக்கும் மிளகும் மணக்கும். "எப்படி இருக்கிறது?" என்று வினவினால், "நல்ல வாசனை" என்றே பெரும்பாலும் விடை வரும். 'நல்ல', 'அழகான', 'பெரிய' என்னும் சில சொற்களுக்குள் உலகையே அடக்கிவிடும் பழக்கத்தைக் குழந்தைகள் நம்மிடமிருந்தே கற்கின்றனர்.

கவிதை கற்பிக்க விரும்பும் பெற்றோர் எதுகை, மோனையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பெயருக்கு முன் நிற்கும் அடைமொழியிலிருந்து தொடங்கலாம். உரிச்சொல்லுக்கென ஓர் இயலையே ஒதுக்கிய தொல்காப்பியம், அது இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் வழியே தோன்றும் என்கிறது. இதனையே மூன்று எளிய வினாக்களாக்கலாம்: காதுக்கு எப்படி? மனத்துக்கு எப்படி? கண்ணுக்கும் கைக்கும் எப்படி?

நற்றிணையின் 284ஆம் பாடலில், பொருள் தேடிச் சென்ற தலைவன் இல்லம் திரும்பச் சொல்லும் நெஞ்சுக்கும், வினையை முடிக்கச் சொல்லும் அறிவுக்கும் இடையே தவிக்கிறான். அவன் உடல், இரு யானைகள் பற்றி இழுக்கும் கயிறாகிறது. புலவர் அதனை வெறுங்கயிறு என்னாது, புரி தேய்ந்த பழங்கயிறு என்றார். அறுந்துவிடுமோ என்னும் அச்சம் அந்த அடைமொழியால்தான் பிறக்கிறது. இயற்பெயர் தெரியாத அப்புலவருக்கு அதுவே பெயராயிற்று: தேய்புரிப் பழங்கயிற்றினார்.

கயிற்றைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில், தலைமுறைகளாக வாழும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் முறுக்கிய கயிறுகளின் இடுக்கில் துணிமுனையைச் செருகி உலர்த்துகின்றனர்; கவ்விகள் தேவைப்படுவதில்லை. அத்தகைய கயிற்றைத் தொட்டுப் பார்த்த பின் குழந்தையை எழுதச் சொல்லுங்கள். எப்பொருளுக்கும் பொருந்தும் அடைமொழியை அடித்துவிட்டு, அப்பொருளுக்கே உரியதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'நல்ல கயிறு' நீங்கிய பின் இப்படி ஒன்று பிறக்கலாம்:

சொரசொரக் கயிறு
ஈரச் சட்டையைக் கவ்வும்;
உப்புக் காற்று இழுத்தாலும்
விடாப்பிடிக் கயிறு.

பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் குழந்தைக்கு, வீட்டில் நாம் தராத தமிழ்ச் சொல்லை வேறு யார் தருவார்? நேரமில்லை என்போருக்கு ஒரு நினைவூட்டல்: குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கிப் பணியில் இருந்தவாறே சிறுவர்க்குப் பாடல்கள் இயற்றினார்.

இன்றே வீட்டில் ஓர் உண்டியல் வையுங்கள். நாளுக்கு ஒரு அடைமொழியைத் தாளில் எழுதி அதில் இடட்டும். மாத முடிவில் திறந்து, அச்சொற்களைக் கொண்டு ஒரு கவிதை எழுதட்டும். எடுத்துச் செலவிட்டாலும் குறையாத சேமிப்பு அது.