முன்னோரைத் தேடிய நாடுகள்

ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் கொலையுண்டார். சீசர் என்பது அவருடைய குடும்பப் பெயர். அவர் தத்துப்பிள்ளையான ஆக்டேவியன் அப்பெயரை ஏற்றார்; அவருக்குப் பின் ரோமாபுரியை ஆண்டோரும் ஏற்றனர். நாளடைவில் அஃது ஆளின் பெயராய் இராமல் பதவியின் பெயராயிற்று. பண்டை லத்தீன் மொழியில் அதன் ஒலிப்பு ஏறக்குறையக் ‘கைசர்’ என்பதாகும். ஜெர்மானியர் அவ்வொலியைக் காத்துத் தம் பேரரசரைக் கைசர் என்றனர். ஸ்லாவிய மொழிகளில் அதுவே குறுகித் திரிந்து ‘ஜார்’ என நின்றது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஆண்டோர் கைசர்கள். அவர்களை எதிர்த்த ருஷ்யாவை ஆண்டவர் ஜார். ஒரே ரோமானியரின் பெயரைச் சூடிய பேரரசர்கள் எதிரெதிரே படைகளை நிறுத்தினர். அவர்களுள் எவரும் ரோமர் குலத்தில் தோன்றியவர் அல்லர். 1918 முடிவதற்குள் அம்மூன்று முடியாட்சிகளும் வீழ்ந்தன. என்றோ மறைந்த பேரரசின் வாரிசுரிமையை ஐரோப்பிய நாடுகள் இவ்வளவு விருப்புடன் நாடியது ஏன்? அவ்வுரிமை பிறப்பால் வந்ததா, தேவையால் தேடிக்கொள்ளப்பட்டதா? ஐரோப்பிய வரலாற்றைப் பயில்வோர் தெளிய வேண்டிய வினாக்கள் இவை.

முடியின் வழி வந்த உரிமை

மேலை ரோமாபுரியின் பேரரசர் கி.பி. 476-இல் அரியணை இழந்தார். கான்ஸ்டாண்டிநோப்பிளைத் தலைநகராகக் கொண்ட கீழைப் பேரரசோ 1453 வரை நிலைத்தது. அதன் மக்கள் கிரேக்க மொழி பேசினர். எனினும் தம்மை ரோமர் என்றே அழைத்துக்கொண்டனர்.

மேற்கில் 800-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் போப்பாண்டவர் மூன்றாம் லியோ, பிராங்கிய அரசரான சார்லமேனுக்கு ரோமாபுரியில் பேரரசர் முடி சூட்டினார். பிராங்கியர் ஜெர்மானிய இனத்தவர். அதன்பின் 962-இல் ஜெர்மானிய அரசர் முதலாம் ஆட்டோ அம்முடியைப் பெற்றார். பிற்காலத்தில் ‘புனித ரோமானியப் பேரரசு’ எனப்பட்ட அவ்வாட்சி, நெப்போலியனின் வலிமைக்கு முன் நிற்கமாட்டாமல் 1806-இல் முடிவுற்றது.

கிழக்கிலும் இந்நிலையே. 1453-இல் கான்ஸ்டாண்டிநோப்பிளைக் கைப்பற்றிய துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத், ரோமாபுரியின் கைசர் என்னும் பட்டத்தைத் தமக்குச் சேர்த்துக்கொண்டார். மாஸ்கோவின் அரசர் மூன்றாம் இவான், கீழைப் பேரரசின் கடைசி மன்னருடைய உடன்பிறந்தார் மகளை 1472-இல் மணந்தார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலோத்தியஸ் என்னும் ருஷ்யத் துறவி, மாஸ்கோவே மூன்றாவது ரோமாபுரி என்னும் கருத்தை எழுதினார். 1547-இல் நான்காம் இவான் ஜாராக முடி சூடினார்.

இக்காலத்தில் குடிமக்கள் எவர் வழி வந்தவர் என எவரும் வினவியதில்லை. முடி எவர் வழி வந்தது என்பதே வினா. மண உறவும் சமயத் தலைவரின் வாழ்த்தும் அதற்கு விடையாயின.

ஒரு பாட்டனும் இரு நாடுகளும்

சார்லமேன் 814-இல் ஆகன் நகரில் இறந்தார். அவருடைய பேரர் மூவரும் பேரரசைக் குறித்துப் பூசலிட்டனர். மூத்தவரான லோத்தாருக்கு எதிராக இளையோர் இருவரும் 842-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உறுதிமொழி செய்தனர். கிழக்குப் பகுதிக்குரிய லூயி, தம்பி சார்லசின் படைவீரர் அறியும் பொருட்டு ரோமானிய மக்கள்மொழியிற் பேசினார். சார்லஸ், அண்ணன் படையினரின் ஜெர்மானிய மொழியிற் பேசினார். அவ்வுறுதிமொழிகள் எழுத்தில் காக்கப்பட்டுள்ளன. பிரெஞ்சு மொழியின் மிகப் பழைய சான்றாக மொழியறிஞர் போற்றுவது அவற்றுள் முன்னதையே.

மறு ஆண்டு வெர்டன் உடன்படிக்கையால் பேரரசு மூன்றாகப் பிரிந்தது. மேற்குப் பங்கு பிரான்சுக்கும் கிழக்குப் பங்கு ஜெர்மனிக்கும் முன்னோடியாயின. இடைப்பட்ட பங்கு லோத்தாருக்கு உரியதாயிற்று. லொரேன் என்னும் நிலப்பெயரில், அவர் பெயரையே தாங்கிய அவர் மகனின் பெயர் இன்றும் வாழ்கின்றது. ஆகவே பிரெஞ்சுக்காரருக்குச் ‘சார்லமேன்’, ஜெர்மானியருக்குக் ‘கார்ல் பேரரசர்’ என ஒருவரே இரு நாட்டு வரலாற்றுக்கும் முதல்வரானார். பாட்டன் ஒருவராய் இருந்தமையால் பகை குறைந்ததா? இல்லை. லொரேனின் ஒரு பகுதி 1871-இல் ஜெர்மனியிடமும், முதல் உலகப் போரின் முடிவில் பிரான்சிடமும், 1940-இல் மீண்டும் ஜெர்மனியிடமும் கைமாறியது.

மக்களின் வழி வந்த உரிமை

1789-இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சி, ஆட்சியின் ஊற்று மன்னர் அல்லர், மக்களே என முழங்கியது. அதன்பின் மன்னர்க்குப் பரம்பரை தேடியது போல மக்களுக்கும் முன்னோரைத் தேடவேண்டியதாயிற்று. விந்தை யாதெனின், இம்முறை தேடப்பட்டோர் ரோமாபுரியை எதிர்த்து நின்றவர்கள்.

கி.மு. 52-இல் சீசரிடம் சரணடைந்த கால் இனத் தலைவர் வெர்சிஞ்செடோரிக்சுக்கு, அலேசியாப் போர்க்களத்தில் மூன்றாம் நெப்போலியன் 1865-இல் சிலை எழுப்பினார். கி.பி. 9-இல் மூன்று ரோமானியப் படைப்பிரிவுகளை அழித்த அர்மீனியசுக்கு ஜெர்மானியர் டெட்மோல்டு நகருக்கு அருகில் நினைவுச் சின்னம் எழுப்பி 1875-இல் திறந்தனர். அர்மீனியஸ் ரோமானியக் குடியுரிமை பெற்று ரோமானியப் படையில் பணி செய்தவர் என்பதும், இருவர் வரலாறும் ரோமானிய, கிரேக்க நூல்கள் வழியே கிடைத்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. பகைவர் எழுதி வைத்திராவிடில் இவ்வீரர்களின் பெயரும் எஞ்சியிராது.

பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் கால் இனத்தவரே தம் முன்னோர் எனக் கற்றனர். ஆனால் அவர்தம் நாட்டின் பெயர் ஜெர்மானியப் பிராங்கியர் தந்தது. மொழியோ லத்தீன் வழி வந்தது. பெயர் ஓரினத்தது, மொழி மற்றோரினத்தது, முன்னோர் வேறோரினத்தவர். இம்மூன்றும் ஒரு நாட்டிற் பொருந்தி வாழ்வதே வரலாற்றின் இயல்பு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை மறப்பது நாட்டினரின் விருப்பம்.

1791-ஆம் ஆண்டின் விண்ணப்பம்

இத்தேடலில் எத்துணைப் பெரிய பொருள் அடங்கியிருந்தது என்பதை ருமேனியர் வரலாறு காட்டும். பேரரசர் டிராஜன் கி.பி. 106-இல் டேசிய நாட்டை வென்று குடியேற்றங்களை அமைத்தார். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானிய ஆட்சி அங்கிருந்து விலகியது. அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு அந்நிலத்து லத்தீன் மொழியினரைப் பற்றித் தெளிவான எழுத்துச் சான்று இல்லை. ஆயினும் ருமேனிய மொழி லத்தீனின் மகளே என்பதில் ஐயமில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் டிரான்சில்வேனியாவில் ருமேனியர் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும், அரசியல் உரிமை பெற்ற இனங்களுள் ஒன்றாக எண்ணப்படவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் உழைத்த குடியானவர். இந்நிலையில் மிக்கு, சின்காய் என்னும் அறிஞர் இருவர் 1780-இல் ஓர் இலக்கணம் வெளியிட்டுத் தம் மொழியின் லத்தீன் பிறப்பை நிறுவ முயன்றனர். 1791-இல் ருமேனியத் தலைவர்கள் பேரரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு விண்ணப்பம் ஒன்று அனுப்பினர். டிராஜன் குடியமர்த்திய ரோமரின் வழியினர் தாம் என்றும், அந்நிலத்தின் பழங்குடியினரான தமக்கும் ஏனைய இனங்களுக்கு நிகரான உரிமை வேண்டும் என்றும் அதில் வாதிட்டனர். எதிர்த்தரப்பு அறிஞர் ஒருவர் அதே ஆண்டில் அதனை மறுப்புக் குறிப்புகளுடன் அச்சிட்டார். டிரான்சில்வேனிய மன்றம் விண்ணப்பத்தைத் தள்ளிற்று.

தோல்வியுற்றும் அக்கருத்து சாகவில்லை. 1860-களில் ருமேனியர் சிரில்லிய எழுத்தை விட்டு லத்தீன் எழுத்தை மேற்கொண்டனர். ஸ்லாவியச் சொற்கள் பலவற்றிற்கு மாற்றாக லத்தீன், பிரெஞ்சுச் சொற்களை ஏற்றனர். எனினும் ‘ஆம்’ என்பதற்கு அவர்கள் வழங்கும் ‘டா’ இன்றும் ஸ்லாவியச் சொல்லே. டிரான்சில்வேனியா 1920-இன் டிரியனோன் உடன்படிக்கையால் ருமேனியாவுக்கு உரியதாயிற்று. ருமேனியர் அங்கே இடையறாது வாழ்ந்தனரா, டான்யூப் ஆற்றின் தெற்கிலிருந்து பின்னர் வந்தனரா என்னும் வாதமோ அதன் பின்னும் ஓயவில்லை.

பெயருக்காக ஒரு பூசல்

1821-இல் துருக்கிய ஆட்சியை எதிர்த்து எழுந்த கிரேக்கரும் பழம்பெருமையையே துணைக்கொண்டனர். பண்டைப் புகழ் கருதி 1834-இல் சிற்றூர் போலிருந்த ஏதென்ஸ் தலைநகராயிற்று. பழைய கிரேக்கத்தைத் தழுவிய செந்நடை ஒன்று ஆட்சிமொழியாயிற்று. பேச்சுவழக்கை ஒட்டிய நடை 1976-இல்தான் அவ்விடத்தைப் பெற்றது. பண்டைக் கிரேக்கரின் குருதி இன்றையோரிடம் இல்லை என ஜெர்மானிய அறிஞர் பால்மராயர் 1830-இல் எழுதியபோது, கிரேக்கர் அதனைத் தம் விடுதலைக்கே விழுந்த அடியாகக் கருதினர்.

இவ்வச்சம் நெடுநாள் நீடித்தது. 1991-இல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடு ஒன்று மாசிடோனியா எனப் பெயர் பூண்டபோது, மகா அலெக்சாந்தரின் மரபைப் பிறர் கொள்வதா எனக் கிரேக்க நாடு எதிர்த்தது. ஒரு பெயரைக் குறித்த அப்பூசல் இருபத்தேழு ஆண்டுகள் நடந்தது. 2018-இன் பிரெஸ்பா உடன்படிக்கைப்படி அந்நாடு 2019-இல் வட மாசிடோனியா ஆயிற்று.

வலியோர் கையில் இதே வாதம் வேறு உருக்கொண்டது. இத்தாலியின் முசோலினி 1936-இல் எத்தியோப்பியாவை வென்று, ரோமாபுரியில் பேரரசு மீண்டும் எழுந்ததென அறிவித்தார். டிரான்சில்வேனியக் குடியானவருக்காக உரிமை கேட்ட அதே ரோமாபுரி, இங்கே பிறர் உரிமையைப் பறிக்கும் சாக்காயிற்று.

ஆகவே வரலாற்றைக் கற்பிப்போர் இரு வினாக்களை வேறு பிரித்தல் வேண்டும். ஒரு நாட்டின் மொழியும் சட்டமும் எழுத்தும் எங்கிருந்து வந்தன என்பது ஒன்று. அதற்குச் சான்றுகள் விடை கூறும். அந்நாட்டினர் எவரை, எப்போது, எதன் பொருட்டு முன்னோராகத் தேர்ந்தனர் என்பது மற்றொன்று. அதற்கு விடை பழங்காலத்தில் இல்லை, தேர்ந்தோர் வாழ்ந்த காலத்தில் உள்ளது. 1791-இல் விண்ணப்பித்தோரின் முன்னோர் ரோமர் அல்லர் என்றே நிறுவப்பட்டிருப்பினும், அம்மண்ணில் உழைத்து வாழ்ந்த மக்களுக்கு உரிய நீதி ஒரு சிறிதும் குறைந்திராது. பழம்பெருமையின் மேல் உரிமையை நிறுத்தினோர், சான்று ஒன்று அசைந்தால் உரிமையும் அசையுமோ என அஞ்ச நேர்ந்தது. இன்று வாழ்வோர் என்னும் ஒன்றே போதிய சான்றாக ஏற்கப்பட்டிருப்பின், அவ்வச்சத்திற்கு இடமே இருந்திராது.