கரும்புத் தோகையை எரிக்கலாமா? புகையில் கலந்த நுண்துகளும் நம் மழையும்

கரும்பு வெட்டி முடிந்ததும் தோகைக்குத் தீ வைப்பது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. ஆள் கிடைப்பதில்லை, கட்டை சீவ இடைஞ்சல், எலி, பாம்பு தொல்லை என்று விவசாயிகள் சொல்லும் காரணங்கள் உண்மையானவையே. ஆனால் அந்தப் புகையில் என்ன போகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உடலுக்கு என்ன ஆகும்?

புகையில் உள்ள துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. அதாவது தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லும் இவை ஆஸ்துமாவையும் இதய நோயையும் தீவிரமாக்கும். காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013-ல் அறிவித்தது. பனிக்காலக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால், புகையும் மேலே எழாமல் ஊருக்குள்ளேயே நிற்கும். முதலில் பாதிக்கப்படுவது தீ வைப்பவரும் அவர் வீட்டுக் குழந்தைகளும்தான்.

மழைக்கும் மகசூலுக்கும் என்ன தொடர்பு?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த விஞ்ஞானி வீ.ராமநாதன் உள்ளிட்டோர் 1999-ல் நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வில், கடலுக்கு மேல் சுமார் 3 கி.மீ. உயரம் வரை பழுப்புநிறப் புகைமூட்டம் பரவியிருந்தது தெரியவந்தது. அதிலுள்ள கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. தரைக்கும் கடலுக்கும் வரும் ஒளியோ குறைகிறது. கடல்நீர் ஆவியாவது குறைந்தால் பருவமழையும் வலுவிழக்கும். இந்தப் புகைமூட்டமும் பசுமைக்குடில் வாயுக்களும் சேர்ந்து இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்துள்ளன என்று ராமநாதனும் சக ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்டனர்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். கரித்துகளோ சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில் இறங்கிவிடும். எரிப்பதை நிறுத்தினால் பலன் உடனே தெரியும்.

என்ன செய்யலாம்?

ஒரு ஏக்கர் கரும்பில் 4 முதல் 5 டன் தோகை கிடைக்கும். அதில் சுமார் 14 முதல் 20 கிலோ தழைச்சத்து உள்ளது. எரித்தால் அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

• மறுதாம்பு வயலில் ஒரு சால் விட்டு ஒரு சாலில் தோகையைப் பரப்புங்கள். ஈரம் காக்கும், களை குறையும். விடப்பட்ட சாலில் தண்ணீர் பாய்ச்சலாம்.

• தோகை மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் வெளுக்கலாம். எனவே முதல் தவணை உரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

• மட்க வைக்க விரும்பினால், ஒரு டன் தோகைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் 2 கிலோவை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• தோகை தூளாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்குமா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும்.

முழு வயலிலும் மாற்றத் தயக்கமாக இருந்தால், இந்தப் பருவத்தில் அரை ஏக்கரை மட்டும் எரிக்காமல் விட்டு, பாய்ச்சும் தண்ணீரையும் களை எடுக்கும் கூலியையும் எரித்த பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலும் விவரங்களுக்கு விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.