பனியன் வேஸ்டுக்கு அங்கே அனுமதி இல்லை

கண்ணுகளா, கட்டிங் மேசையில் மிஞ்சும் துண்டுத் துணி மூட்டை மூட்டையாக லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊர் ஊராக மெக்கானிக்குகள் கிரீஸ் கையைத் துடைப்பது நம் திருப்பூர் பனியன் வேஸ்டில்தான். ஆனால் அந்தத் துணி கிட்டவே போகக் கூடாத குழாய் ஒன்று உண்டு. ராக்கெட்டுக்குத் திரவ ஆக்சிஜன் ஏறும் குழாய்!

2017இல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியோடு சேர்ந்து 'அக்னிகுல்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய அக்னிபான் சோதனை ராக்கெட் 2024 மே 30 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. அதன் இன்ஜின் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் உருவானது. எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். எனக்கோ, ராக்கெட்டுக்குத் திரவ ஆக்சிஜன் நிரப்புகிற வேலைதான் பெரிய வியப்பு.

நம் அடுப்பு எரியக் காற்று போதும். மேலே போகப் போகக் காற்று குறைந்துவிடும். அதனால் ராக்கெட் ஒரு டேங்கில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் இன்னொன்றில் ஆக்சிஜனும் சுமக்கிறது. வாயுவாக நிரப்பினால் இடம் பத்தாது. ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன், வாயுவானால் 800 லிட்டருக்கும் மேல் விரியும்! திரவமாகவே இருக்க அதற்கு மைனஸ் 183 டிகிரிக் குளிர் வேண்டும்.

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்'ரென்று பறக்கிறதல்லவா? திரவ ஆக்சிஜனுக்கு நம் சாதாரணக் குழாயே தோசைக்கல். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழாயைக் குளிரவைக்க வேண்டும். டேங்க் நிறைந்த பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வால்வு வழியாக வெளியேற வேண்டும். அடைத்துக்கொண்டால் வெயிட் அடைத்த குக்கரின் கதிதான். பறந்துபோன அளவுக்கு மறுபடி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் ஆள் நிற்க மாட்டார்கள். வால்வுகளைத் தொலைவிலிருந்தே இயக்குவார்கள்.

இப்போது பனியன் வேஸ்டுக்கு வருவோம். ஆக்சிஜன் தான் எரியாது, மற்றதை ஆவேசமாக எரியவைக்கும். திரவ ஆக்சிஜனில் கரித்தூளை ஊறவைத்துச் சுரங்கப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்த காலம் உண்டு. குழாய்க்குள் துளி கிரீஸ் இருந்தால், ஒரு சின்ன அதிர்ச்சியிலேயே தீப்பிடிக்கலாம். பஞ்சு இழையும் எரியும் பொருள்தான். இன்ஜினின் நுண்ணிய துளைகளையும் அடைத்துவிடும். அதனால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, இழை உதிராத துணியால் துடைத்து, குழாய் வாய்களை மூடிவைப்பார்கள். கடைசியில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள்; பல எண்ணெய்க் கறைகள் அதில் ஒளிரும். சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டியிலும் அந்த விளக்கு இருக்கும். அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள்.

அக்னிபான் ஏவுதல் பல தடவை தள்ளிப்போனது. ஒரு வால்வு முரண்டு பிடித்தாலும் நிரப்பியதை வடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய வேலை இது. 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் காடார்டு பறக்கவிட்ட உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டிலும் இதே திரவ ஆக்சிஜன்தான், பெட்ரோலோடு. இரண்டரை விநாடிதான் பறந்தது.

இனி இப்படிப்பட்ட ராக்கெட் கிளம்பும் வீடியோ பார்த்தால், கிளம்பும் முன் பக்கவாட்டில் மிதக்கும் வெள்ளையைக் கவனியுங்கள். அது புகை இல்லை. குளிரில் பனியாகத் திரண்ட, நம் காற்றின் ஈரம்.