விழிக்க மறுக்கும் மடிக்கணினி

நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய ஆய்வேடு உள்ளே கிடக்கின்றது. மடிக்கணினியோ எத்தனை முறை பொத்தானை அழுத்தினும் விழிக்க மறுக்கின்றது. களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்தாறுமூலைக்குச் சென்று கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயிலும் எம் மாணவர் சிலர்க்கேனும் இத்தகைய இரவொன்று நேர்ந்திருக்கும். இயந்திரம் மாண்டதென்றே பலரும் முடிவுகட்டி விடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. எழுதியவை தங்குவது வன்தட்டில், அல்லது இக்காலத்து எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில், விழிப்பைத் தடுப்பதோ பெரும்பாலும் வேறோர் உறுப்பு. பரிகாரி நாடி பார்த்த பின்னரே குளிகை கொடுப்பார். இங்கும் அம்முறையே தக்கது.

ஒளியும் ஒலியும் அறவே இல்லையாயின் முதலில் ஐயுற வேண்டியது மின்னேற்றியை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 19 அல்லது 20 வோல்ற்று அளவான நேரோட்டமாக மாற்றித் தருவது அதுவே. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். மின் போய்த் திரும்பும் கணத்தில் எழும் மிகையழுத்தம் மின்னேற்றியைப் பழுதாக்க வல்லது. வேறொரு பிளக் பொயின்ற்றிற் செருகிப் பார்க்க. அக்கணினிக்குப் பொருந்தும் வேறு மின்னேற்றி கிடைப்பின் அதனையும் இட்டுப் பார்க்க. வோல்ற்று மாறுபட்டதைச் செருகுதல் ஆகாது. மின்கலம் முற்றாக வற்றியிருப்பின் அரைமணி நேரமாவது பொறுத்தல் வேண்டும்.

அதன் பின்னும் அசையாதாயின், மின்னேற்றியை நீக்கி, கழற்றத்தக்க மின்கலமாயின் அதனையும் எடுத்துவிட்டு, பொத்தானை முப்பது வினாடி அழுத்திப் பிடித்தல் நன்று. தாய்ப்பலகையின் கொள்ளளவிகளில் எஞ்சிய மின் வடிந்துவிட, மின்வழங்கலை ஆளும் சுற்று புதிதாகத் தொடங்கும். பின்னர் மின்னேற்றியை மட்டும் செருகி முயல்க. மந்திரம்போல் தோன்றும் இச்செய்கையை இகழ வேண்டா. பல கணினிகள் இதனாலேயே விழித்துள்ளன.

விசிறி சுழலுகின்றது, திரை மட்டும் இருண்டிருக்கின்றது எனின் நோய் வேறு. இருட்டறையில் கைமின்விளக்கைத் திரைமேற் சாய்த்துப் பிடித்தால் மங்கலாய் எழுத்துத் தெரிகின்றதா? தெரியின், கெட்டது திரையின் பின்னொளியே. வீட்டுத் தொலைக்காட்சியோடு எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணைத்துத் தேவையானவற்றைப் பிரதி செய்துகொள்ளலாம். அங்கும் படம் வாராதாயின் றாம் எனப்படும் நினைவகத் தகட்டைப் பார்த்தல் வேண்டும். எம் ஊர் கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்கும் எழுவான்கரைப் பட்டி. உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் உலோக முனைகளை மெல்ல அரிப்பன. மின்னை முற்றாக நீக்கி, தகட்டைக் கழற்றி, அதன் முனைகளை மென்மையான அழிறப்பரால் துடைத்து மீளப் பொருத்தினாற் போதுமான வேளைகள் உண்டு. மெல்லிய புதுக் கணினிகள் சிலவற்றில் அத்தகடு பலகையோடே ஒட்டியிருக்கும். அவற்றை வல்லாரிடம் விடுதலே முறை. தேநீர் கொட்டிய கணினியை இயக்கிப் பார்த்தல் கூடவே கூடாது. அரிசிக்குள் புதைப்பதாலும் பயனில்லை.

நிறுவனச் சின்னம் தோன்றி அப்பால் நகராத நிலையே எமக்கு மிகுந்த கவலை தருவது. இயந்திரம் நலமே, பணிசெயல் முறைமையோ வன்தட்டோ பழுது. கடைத்தெருவில் உடனே ‘விண்டோஸ் போடுவோம்’ என்பர். தட்டை வெறுமையாக்கி அதனைப் புதிதாய் நிறுவினால் கணினி விழிக்கும், ஆய்வேடு இராது. உள்ளிருப்பவற்றை முதலிற் பிரதி செய்து தருமாறு கேட்டல் மாணவரின் உரிமை. தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால் அது இயலும். தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என ஓசை எழுமாயின் உடனே நிறுத்துக. மேலும் இயக்குந்தோறும் அழிவு பெருகும்.

புதிய கணினி வைத்திருப்போர் இன்னொன்றும் அறிதல் வேண்டும. விண்டோஸ் 11 உடைய பல கணினிகளில் சேமிப்பகம் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகின்றது. தாய்ப்பலகை கெட்டு, சேமிப்பகத்தை வேறிடத்தில் இணைக்க நேரின், 48 இலக்கங்கொண்ட மீட்புச் சாவியின்றி எவராலும் அதனைத் திறக்க இயலாது. அச்சாவி பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசொவ்ற் கணக்கிற் பதிந்திருக்கும். கணினி நலமாயிருக்கும் இன்றே அதனைத் தேடித் தாளில் எழுதி, கணினிப் பையிலன்றி வீட்டு அலுமாரியில் வைத்தல் தகும்.