கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வாத்தியார்

நாலு வயதுப் பையன். எதிரே மூன்றாமாண்டு மாணவி, கையில் படச் சீட்டுகள். காகத்தைக் காட்டினால் ‘தாத்தா’ என்கிறான். வாழைப்பழத்தைக் காட்டினால் ‘வாளப்பளம்’. இரண்டையும் பிழை என்று குறித்துக்கொள்கிறாள் மாணவி. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் மேற்பார்வையாளரின் பார்வை பையன் மீது இல்லை, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மா மீது. மதுரைக்காரரான அவரும் சற்று முன் ‘பளம்’ என்றுதான் சொன்னார்.

செஷன் முடிந்ததும் இரண்டாவது குறி அடித்து நீக்கப்படுகிறது. அது ஊர் வழக்கு, கோளாறு இல்லை. ‘காக்கா’ தாத்தாவாவதுதான் சிகிச்சைக்குரியது.

பேச்சு, மொழிச் சிகிச்சைத் துறையில் பல்கலைக்கழக ஆசிரியர் வேலை என்பது பெரும்பாலும் இதுதான். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டு, அதில் கடைசி ஆண்டு முழுக்கப் பயிற்சி. பிறகு இரண்டாண்டு முதுநிலை. காலையில் பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு, அடுத்த மணி நேரமே அப்படி ஒருவர் முன்னால் மாணவரை உட்காரவைக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, பதிவு பெறாதவர் தொழில் செய்வது குற்றம். ஆகவே பயிற்சி தருவது மாணவர் என்றாலும், அறிக்கையில் கையெழுத்தும் பொறுப்பும் பதிவு எண் வைத்திருக்கும் மேற்பார்வையாளருடையவை.

இந்த மேற்பார்வைக்கும் ஒரு கோட்பாடு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜீன் ஆண்டர்சன் 1988-இல் வெளியிட்ட நூலில் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்துத் திருத்துவார். நடுவில் இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். கடைசியில் மாணவர் தன்னைத் தானே எடைபோடுவார். நடைமுறையில், எப்போது உள்ளே நுழைவது என்பதுதான் சிக்கல். குழந்தை அழுதால் பொறுத்திருக்கலாம். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்குத் தண்ணீர் குடிக்கையில் புரை ஏறினால் ஒரு நொடியும் நிற்க முடியாது.

ஆனால் இத்துறை ஆசிரியர்களை அரிக்கும் கவலை வேறு. பாடம் ஆங்கிலத்தில், நோயாளி தமிழில்.

குழந்தையின் மொழி வளர்ச்சியை அளக்க, ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல் என்று எண்ணுவது ஒரு வழி. ஆங்கிலத்தில் பல சொல்லில் சொல்வதைத் தமிழ்க் குழந்தை ‘போயிட்டிருக்கேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். சொல்லை மட்டும் எண்ணினால் அது பின்தங்கிய குழந்தை. விகுதிகளைப் பிரித்து எண்ணலாம் என்றால், பேச்சுத் தமிழில் எங்கே வெட்டுவது? பக்கவாதம் வந்த பெரியவர் படத்தைப் பார்த்து ‘சேர்’ என்கிறார். விடைக்குறிப்பில் இருப்பது ‘நாற்காலி’. அவருக்கு மதிப்பெண் உண்டா, இல்லையா?

ஆங்கிலம் இல்லாவிட்டால் ஆய்விதழும் இல்லை, வெளிநாட்டு வேலையும் இல்லை என்பார்கள் சில பேராசிரியர்கள். உண்மைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஆய்விதழ் படிக்க வரவில்லை.

1965-இல் மைசூரில் தொடங்கிய, பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் பல மாநில மாணவர்கள் ஒன்றாகப் படிக்கிறார்கள். அங்கே சிக்கல் இன்னும் கூடும். நோயாளியின் மொழி தெரியாத மாணவர், குழந்தையின் அம்மாவை மொழிபெயர்ப்பாளராக்குவார். அம்மாவோ, பிள்ளை சொன்னதைச் சொல்லும்போதே பிழையையும் திருத்திவிடுவார். மாணவரின் ஏட்டில் பிழையே பதிவாகாது. அதைக் கண்டுபிடிக்க, மேற்பார்வையாளருக்கு இரண்டு மொழியிலும் காது வேண்டும். அப்படிப்பட்டவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மாலை நான்கு மணி. பையனின் வீட்டுப் பயிற்சித் தாளை மாணவி நீட்டுகிறாள். ‘பின்னண்ண ஒலிகளைத் தூண்டவும்’ என்று எழுதியிருக்கிறாள்.

“அந்தம்மாகிட்ட இதை வாசிச்சுக் காட்டும்மா” என்கிறார் மேற்பார்வையாளர்.

மாணவி வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்கிறாள். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதுகிறாள்: ‘மாடியில காக்காவுக்குச் சோறு வைக்கும்போது, தம்பியையும் கா… கா…ன்னு கூப்பிடச் சொல்லுங்க.’